பிரியா நகரில் ஒன்பது குடித்தனம்

காது குத்து வீட்டில் குழந்தை வீறிட்டு அழ வேண்டும். அதுதான் முறை. சிங்கம்புணரியில் அந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தை ஒரு சிணுங்கலோடு விட்டுவிட்டது. பந்தலுக்கு வெளியே, செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்ற சத்தியப்பிரியாவுக்குத்தான் வீறிட வேண்டும் போல இருந்தது.

போன வாரம் அவளை விட்ட இடம் நினைவிருக்கும். விடிந்தும் விடியாமல், பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பொட்டலுக்குக் கிளம்பியவளை அம்மா சாலா வாசலில் மறித்தாள். "ஒரு நாளைக்கு அந்தப் பறவையெல்லாம் செத்துப் போயிராது. என்னைய ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போ. உங்க அண்ணனுக்கு வேலை கெடக்காம்" என்று ஒரே பிடிவாதம். கோடை தொடங்கிய நாளிலிருந்து ஒரு காலைகூட பொட்டலுக்குப் போகத் தவறாத பிரியா அன்றைக்குத்தான் தவறினாள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பிரியா சூழலியலில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள். கல்லலுக்குப் பக்கத்தில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு செம்மண் பொட்டல் உண்டு. தாத்தா காலத்திலிருந்து உழாத நிலம். ஊர் அதை 'சும்மா கிடக்கிற இடம்' என்கிறது. அந்தச் சும்மா இடத்தில்தான் மஞ்சள் மூக்கு ஆள்காட்டி என்கிற பறவை, கூடு என்று ஒன்று கட்டாமல், வெறும் சரளைக் கல்லுக்கு நடுவே முட்டையிடுகிறது. அனல் பறக்கும் வெயிலில் அந்த முட்டை எப்படி வேகாமல் தப்புகிறது என்பது பிரியாவின் ஆராய்ச்சி.

ஆணும் பெண்ணும் மாறி மாறி ஊருணிக்குப் பறந்து, வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். ஈர வயிறு முட்டையைக் குளிர வைக்கும். கொஞ்ச நேரம் பறவை வராவிட்டால் முட்டை அவிந்துவிடும். இதைக் கண்ணால் பார்த்து எழுதத்தான் அவள் மூன்று கோடையாகத் தோல் உரிய வெயிலில் கிடக்கிறாள். ஊர் என்ன கேட்கிறது?

"இன்னுமா படிக்கிற?"

அன்றைக்கும் இலை போடுவதற்குள் அதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு அவள் காதையும் குத்திவிட்டார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் சின்னக்கருப்பு மட்டும் வேறு கேள்வி கேட்டார்.

"வா மொதலாளியம்மா! மாமனுக்கு ஒரு கார்னர் பிளாட்டு ஒதுக்கக் கூடாதாத்தா? வெளியாளுக்கெல்லாம் கொடுக்குறீக!"

"என்ன மாமா சொல்றீக?"

"நடிக்காத. ஊரெல்லாம் சுத்துது" என்று தன் போனை நீட்டினார்.

பச்சையும் மஞ்சளுமாக ஒரு விளம்பரம். 'பிரியா நகர். கல்லல் அருகே வீட்டு மனைகள். ஞாயிறு அன்று காரைக்குடியிலிருந்து இலவச வேன் வசதி.' நடுவில் ஒரு புகைப்படம். செம்மண்ணில் ஊன்றிய கம்பு. தலையில் வெள்ளைப் பெயிண்ட், கழுத்தில் சிவப்பு ரிப்பன், பெயிண்டில் எழுதிய எண் ஒன்பது.

எழுத்து அவளுடையது. கம்பு அவளுடையது. முட்டை இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் சில அடி தள்ளி அவளே ஊன்றிய அடையாளக் கம்பு அது.

பிரியா நிமிர்ந்து, பந்தியில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள். சாலா அவளைப் பார்க்கவில்லை. பக்கத்து இலையில் அப்பளம் வைக்கவில்லையென்று யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பந்தியில் உட்காரப்போன மகளை ஒரு தாய் பார்க்காமல் அப்பளத்தைத் தேடுகிறாள் என்றால், அவளுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் அர்த்தம்.

"எந்திரி" என்றாள் பிரியா.

"இன்னும் மொய் எழுதல..."

"எந்திரிம்மா."



ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருப்பவளோடு சண்டை போடுவதில் ஒரு வசதி. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு சங்கடம், பாதி வார்த்தை காற்றில் போய்விடும். பிரியா எல்லாவற்றையும் இரண்டு முறை கத்தினாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வண்டிய மெதுவா ஓட்டு."

"எப்பத் தெரியும்னு கேக்குறேன்!"

"போன மாசம். உங்க அண்ணன் சொன்னான்."

"என்னைய இன்னைக்கு ஊரை விட்டுக் கிளப்பணும்னும் அவன்தான் சொன்னானா?"

சாலா மகளின் தோளைப் பிடித்திருந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்கப்பாவுக்காகத்தான்டி" என்றாள் கொஞ்ச தூரம் போனதும். "அவரு நெசமாவே நீ பிளாட்டு போட்டிருக்கன்னு நெனச்சுக்கிட்டாரு."

பிரியாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியது.

ஆராய்ச்சிக்காரர்களுக்கு பிளாட் என்றால், அளந்து கயிறு கட்டி, அதற்குள் என்னென்ன உயிர் வாழ்கிறது என்று பார்க்கிற துண்டு நிலம். "பிளாட்டுக்குப் போயிட்டு வாரேன்." "பிளாட்டுல வேலை கெடக்கு." மூன்று கோடையாக அவள் வீட்டில் இப்படித்தான் பேசினாள். அவளுடைய பல்கலைக்கழகத்தைத் தாண்டி, இந்த ஜில்லாவில் பிளாட் என்ற சொல்லுக்கு வீட்டு மனை என்கிற ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

அப்பா சேவுகப்பெருமாள் நிலமும் மாடும் உண்டு என்று இருக்கிற, அதிகம் பேசாத சம்சாரி. ஒரு சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே அவர் கேட்டதும் அவளுக்கு நினைவு வந்தது.

"பிளாட்டு எப்படித்தா இருக்கு?"

"சூப்பரா இருக்குப்பா. இந்த வருசம் ஒன்பது குடும்பம் குடி வந்தாச்சு."

அப்பாவின் முகம் மலர்ந்ததே, அந்த மலர்ச்சி! தன் ஆராய்ச்சியை மதித்து இந்த வீட்டில் ஒருவராவது சிரித்தாரே என்று அன்றிரவு அவளுக்குத் தூக்கமே வரவில்லை. அவர் சிரித்தது வேறு ஒன்பது குடும்பத்தை நினைத்து.

"டீக்கடையில எல்லார்ட்டயும் சொல்லிட்டாரு" என்றாள் சாலா. "எம்மகளே அளந்துச்சு, அதுவே கம்பு ஊண்டுச்சு, அதுவே ஆள் புடிச்சிருச்சுன்னு. உன்னைய வச்சு அவரு தலை நிமிந்து பேசுனது அன்னைக்குத்தான். அத நான் போயி, 'இல்லைங்க, குருவி முட்டை'ன்னு சொல்லவா?"

"சொல்லணும்! நீ சொல்லியிருக்கணும்!"

"நீ சொல்லியிருக்கலாம்ல? உங்கப்பாகிட்ட ஒக்காந்து, நான் என்ன படிக்கிறேன்னு ஒரு நா சொல்லியிருக்கியா?"

இதைப் பிரியா காற்றில் போன பாதியாக எடுத்துக்கொண்டாள். அவள் கேட்க விரும்பாதது எல்லாம் அன்று காற்றில்தான் போனது.

"அண்ணனுக்கு? அவனும் நெசமாவே பிளாட்டுன்னுதான் நெனச்சானா?"

சாலா காற்றில் பறந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அண்ணன் வேல்பாண்டி அவ்வளவு வெள்ளந்தி இல்லை என்று பெற்றவளுக்குத் தெரியாதா? ஹார்டுவேர் கடை வைத்து மூடி, இப்போது நிலம் கைமாற்றிவிடுகிற வேலையில் இருப்பவன். தங்கை எதை எண்ணுகிறாள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அப்பா ஏமாந்தது அவனுக்கு வசதியாகப் போயிற்று, அவ்வளவுதான்.



பொட்டலின் வாசலில் ஒரு வளைவு. மூங்கில் கட்டி, பிளக்ஸ் மாட்டி, 'பிரியா நகர் தங்களை அன்புடன் வரவேற்கிறது.' கீழே கும்பிட்ட கையோடு அண்ணன் படம்.

அதைத் தாண்டி நிலமே இல்லை. அதாவது, பிரியாவுக்குத் தெரிந்த நிலம் இல்லை. சரளை இல்லை, காய்ந்த புல் இல்லை, ஆவாரஞ்செடி இல்லை. ஜேசிபி எல்லாவற்றையும் ஓரத்துக்கு வழித்துத் தள்ளிவிட்டு, வேலை முடிந்து ஒரு மூலையில் நின்றது. செம்மண் மொட்டையடித்த தலையாகக் கிடந்தது.

ஒரு ஆள்காட்டி, சக்கரத் தடத்தின் மேல் நடந்துகொண்டிருந்தது. அதன் வயிறு நனைந்திருந்தது. ஓரிடத்தில் நின்று, காலை மடக்கி உட்கார்ந்தது. எழுந்தது. இரண்டடி தள்ளி மறுபடி உட்கார்ந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே எதுவும் இல்லை. எழுந்து மறுபடி தேடியது.

எனக்கே எழுதக் கை வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே!"

வேல்பாண்டி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஷாமியானாவுக்குக் கீழே நின்றான். தங்கையைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் மாறி, உடனே சரியானது.

"சாயங்காலம்தான வருவன்னு நெனச்சேன். வா, வா. பாத்தியா, உம்பேருதான். தங்கச்சி பேரு வச்சாத்தான் வெளங்கும்னு வச்சேன்."

"ஒன்பது கூட்டை அழிச்சிருக்க. ஒன்பது! ஒரு மூணு வாரம் பொறுத்திருந்தா குஞ்சு பொரிச்சு அதுபாட்டுக்கு ஓடியிருக்கும்."

"சத்தம் போடாத. வேன் வருது."

"மூணு வருசம் அண்ணே! என் மூணு வருசத்த ஒரு காலையில வழிச்சுத் தள்ளிட்டு என் பேரையே எழுதி வச்சிருக்க. வெக்கமா இல்ல?"

"என்ன வெக்கம்? நீதான பிளாட்டு பிளாட்டுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச? நீ கம்பு ஊண்டுன. நீ நம்பர் போட்ட. நான் என்ன புதுசாச் செஞ்சிட்டேன்?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அச்சடித்தாற்போலத் தெரிந்தது.

கன்னத்தில் ஒன்று விட்டிருப்பாள். அதற்குள் மூலையிலிருந்து ஒரு கத்தல் கேட்டது. கிறீச், கிறீச் என்று ஆள்காட்டியின் குரல். முட்டை வைத்திருக்கிற பறவை, ஆள் கிட்டே வந்தால் போடுகிற கூச்சல். முட்டை இல்லாத பறவை அப்படிக் கத்தாது.

பிரியா ஓடினாள். ஒன்பதாம் கம்பு. போட்டோவில் அழகாக விழுந்த கம்பு. எல்லைக்கு அடையாளமாக இருக்கட்டும் என்று வேல்பாண்டி விட்டுவைத்திருந்தான். ஜேசிபி அதை ஒட்டி வரவில்லை. கம்புக்குப் பின்னால் ஒரு பாய் அகலத்துக்குச் சரளை தப்பியிருந்தது. அதில் நான்கு முட்டைகள். கல்லின் நிறம், கல்லின் புள்ளி. இருப்பது தெரிந்தவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

வெயில் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

அவள் சட்டென்று பின்வாங்கினாள். அவள் நின்றாலும் பறவை வராது. யார் நின்றாலும் வராது. இங்கே மனிதர்கள் கத்திக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த நான்கும் வெந்துகொண்டிருக்கும். அண்ணனோடு போட வேண்டிய சண்டைக்கு நேரமில்லை. இத்தனை கோபத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாரையும் இங்கிருந்து கிளப்புவது எப்படி என்று யோசிக்க வேண்டியிருந்தது அவளுக்கு.

வேன் வந்துவிட்டது.



காரைக்குடியிலிருந்து வந்தவர்கள் ஒரு வேன் நிறைய. குடையும் தொப்பியும் குழந்தையுமாக இறங்கினார்கள். மனை போடுகிற வெங்கட்ராமன் எல்லாருக்கும் மோர் கொடுக்கச் சொன்னார். நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். அந்த வேலையில் அப்படித்தான் பேச வேண்டும்.

சேவுகப்பெருமாளை அப்போதுதான் பிரியா பார்த்தாள். ஷாமியானாவில் முதல் நாற்காலி. புது வேட்டி, தோளில் சரிகைக் கரை போட்ட புதுத் துண்டு. மகளைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"வந்துட்டியாத்தா! இந்தா, இதுதான் எம்மக" என்றார் வந்தவர்களிடம். "அம்புட்டும் அது பாத்த வேலைதான். பெரிய படிப்புப் படிக்குது. அதுவே அளந்து, அதுவே நம்பர் போட்டுச்சு. ஏற்கெனவே ஒன்பது குடும்பம் எடுத்துட்டாகன்னாப் பாத்துக்கங்களேன்!"

ஒரு நடுத்தர வயது அம்மாள் குடையைத் தாழ்த்திக்கொண்டு பிரியாவைக் கேட்டாள்.

"அப்படியாம்மா? யாரு யாரு எடுத்திருக்காக? நம்மூரு ஆளுகளா? அக்கம்பக்கம் எப்படின்னு தெரிஞ்சுக்கணும்ல."

எல்லாருடைய கண்ணும் அவள்மேல். அண்ணன் கண்ணில் ஒரு மிரட்டல். அம்மாவின் கண்ணில் ஒரு கெஞ்சல். அப்பாவின் கண்ணில் மட்டும் ஒன்றுமே இல்லை, பெருமையைத் தவிர.

உண்மையைச் சொன்னால் போதும். 'அது குடும்பம் இல்லை, பறவை. எங்கப்பா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாக.' வேன் நிறையச் சிரிக்கும். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சிரிக்கும். டீக்கடையில் அந்த மனிதர் இனி உட்காரவே முடியாது. சொல்லாவிட்டால் இந்தக் கூட்டம் மனை மனையாக நடந்து பார்க்கும். கடைசியில் ஒன்பதாம் கம்புக்கும் போகும்.

மூலையில் பறவை கத்திக்கொண்டே இருந்தது.

"அத விடுங்க" என்றார் அந்த அம்மாளின் கணவர். "வில்லங்கம் எதுவும் இல்லையே? அதச் சொல்லுங்க."

"சுத்தமான எடம் சார்" என்று வேல்பாண்டி முந்திக்கொண்டான். "தாத்தா சொத்து. எங்க குடும்பத்தத் தவிர ஒரு பய காலு வச்சதில்ல. வில்லங்கம்கிற பேச்சுக்கே எடமில்ல."

"இருக்கு" என்றாள் பிரியா.

மோர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை இறக்கினார்கள்.

"என்னம்மா இருக்கு?"

"வில்லங்கம் இருக்கு. நான்தான் வில்லங்கம்."

"ஏ, பிரியா!" அண்ணன் அவள் கையைப் பிடித்தான். அவள் உதறினாள்.

"தாத்தா சொத்துன்னு அவுகளே சொன்னாகள்ல? பேத்திக்கும் அதுல சமபங்கு உண்டு. என்னைய யாரும் கேக்கல. நான் எதுலயும் கையெழுத்துப் போடல. போடவும் மாட்டேன். இன்னைக்கும் மாட்டேன், நாளைக்கும் மாட்டேன். பேரப் பாத்து ஏமாந்துராதீக. அந்தப் பேருக்காரிதான் சொல்றேன். இங்க யாராச்சும் கால் வச்சீகன்னா கோர்ட்டுக்குத்தான் வரணும்."

கோர்ட்டு என்ற சொல்லுக்கு இருக்கிற மகிமை வேறு எதற்கும் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டார்கள். குடையை மடக்கினார்கள். வெங்கட்ராமன் வேல்பாண்டியைத் தனியாகக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமலே ஏதோ சொன்னார். வேல்பாண்டியின் கழுத்து நரம்பு புடைத்தது. வேன் வந்த வழியே திரும்பிற்று. அவருடைய காரும் பின்னாலேயே போயிற்று.

அவள் அப்பாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த ஒன்றையாவது அவள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சேவுகப்பெருமாள் அந்த முதல் நாற்காலியில் உட்கார்ந்தபடி, பெற்ற மகள் ஊரார் முன்னால் பங்கு கேட்டதை மட்டும்தான் பார்த்தார்.

"ஏந்த்தா?" என்றார். "பங்கு வேணும்னா வீட்டுல கேட்டிருக்கலாம்ல?"

பிரியா அவர் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள்.

"கேளுங்க, நல்லாக் கேளுங்க!" வேல்பாண்டி நாற்காலியை எட்டி உதைத்தான். "கையில வந்தத வாயில போட விடாம தட்டி விட்டுட்டா. இவளுக்கு என்ன கொறை வச்சோம்? பொம்பளப்புள்ளைய மூணு வருசம் வெயில்ல சுத்த விட்டோம்ல, அதுக்குச் செருப்படி! இனிமே நீ வீட்டு வாசப்படி ஏறக் கூடாது. சொல்லிட்டேன்."

"நீ யாரு சொல்றதுக்கு? அதுலயும் எனக்குப் பங்கு இருக்கு."

"பங்கு! பங்கு!" அவன் விறுவிறுவென்று மூலையை நோக்கி நடந்தான். "இந்தக் கம்பு இருந்தாத்தான உனக்கு பிளாட்டு? இதப் புடுங்கி எறிஞ்சிட்டா என்ன செய்வ?"

"அண்ணே, வேணாம். அண்ணே!"

பறவை அவன் தலைக்கு மேல் இறங்கி இறங்கிக் கத்தியது. அவன் கையை வீசினான். கம்பைப் பிடித்து அசைத்தான். பிடி கிடைக்காமல் பின்பக்கம் போய்ப் பிடுங்கக் காலைத் தூக்கினான்.

"டேய்! கால எடுறா! முட்டை கெடக்கு!"

கத்தியது பிரியா இல்லை. சாலா.

அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சித்திரை பிறந்த அன்று மகளுக்கு இட்லி கொண்டுவந்து கொடுத்தபோது, பிரியா அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டியிருக்கிறாள். அந்த முட்டையை நினைத்துக்கொண்டேதான் அவள் மகனுக்கும் தலையாட்டினாள். தாய் என்றால் இரண்டு பக்கமும் ஆட வேண்டியிருக்கிறது என்று யாராவது இரக்கப்படலாம். எனக்கு இன்றைக்கு இரக்கம் வரவில்லை.

வேல்பாண்டியின் கால் அப்படியே நின்றது. குனிந்து பார்த்தான். மெதுவாகப் பின்னால் வைத்தான்.

"என்ன முட்டை?" என்றார் சேவுகப்பெருமாள். நாற்காலியிலிருந்து எழுந்து வந்திருந்தார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன முட்டைன்னு கேட்டேன்."

வேல்பாண்டிதான் வெடித்தான். "என்ன முட்டையா? உங்க செல்ல மக சொன்ன ஒன்பது குடும்பம் இதுதான். ஆக்காட்டிக் குருவி! இதுக்குத்தான் அளந்தா, இதுக்குத்தான் கம்பு ஊண்டுனா. நீங்க என்னமோ அவ ஆள் புடிச்சிட்டான்னு டீக்கடையில அளந்தீக!"

சேவுகப்பெருமாள் நின்ற இடத்திலேயே குந்தினார். முட்டைகளைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. வெகுநேரம் பார்க்கவும் இல்லை. எழுந்து மகன் முகத்தைப் பார்த்தார்.

"இது ஒனக்கு முன்னாடியே தெரியும்."

வேல்பாண்டி வேறு பக்கம் பார்த்தான்.

மனைவியைப் பார்த்தார். "ஒனக்கும் தெரியும்."

சாலா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

கடைசியாகப் பிரியா. அவரைக் காப்பாற்றிவிட்டோம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவள், அந்தப் பார்வைக்குத் தலையைக் குனிந்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றார். "எனக்குத் தெரியாதுங்கறது உங்க மூணு பேருக்கும் தெரியும். ஒருத்தராச்சும் என்கிட்ட ஒக்காந்து சொன்னீகளா? கிறுக்கன்தானன்னு விட்டுட்டீக. ஒருத்தி என் மூஞ்சி வாடிரும்னு சொல்லல. ஒருத்தன் என் மூஞ்சிய வச்சு வித்தான். நீ..."

"அப்பா, நான் சொல்லணும்னுதான்..."

"நீ என்னையக் கூட்டியாந்து இதக் காட்டியிருக்கலாமேத்தா. உங்காத்தாளுக்குக் காட்டுனேல்ல? எனக்கும் கண்ணு தெரியும்ல?"

காலையிலிருந்து அண்ணன்மேல், அம்மாமேல், ஊர்மேல் என்று கொதித்த கோபத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் எங்கேயும் இல்லை. அவளுக்குத் தன்மேலேயே எரிந்தது.

சேவுகப்பெருமாள் தோளில் இருந்த சரிகைத் துண்டை எடுத்து மடித்தார். மகன் வாங்கிக் கொடுத்த துண்டு. நாற்காலியில் வைத்தார். நடக்க ஆரம்பித்தார்.

"வண்டியில ஏறுங்கப்பா, வெயிலு" என்றான் வேல்பாண்டி. குரலில் சுரத்தே இல்லை. அவர் திரும்பவில்லை. மகனும் கூப்பிட்டு முடித்த கையோடு ஜேசிபிக்காரரிடம் போனான். "நாளைக்குக் காலையில வந்துருங்க. அந்த மூலைய முடிச்சிருவோம்" என்று, தங்கைக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டான்.

பிரியா மூலையிலிருந்து விலகி, வளைவு வரைக்கும் நடந்து வந்தாள். பிளக்ஸின் ஒரு பக்கக் கட்டை அவிழ்த்து இறக்கி, இரண்டு மூங்கிலுக்கு நடுவே சாய்த்து நிழலாக்கினாள். அவளுடைய பெயர் தலைகீழாகத் தொங்கியது. அதன் கீழே தரையில் உட்கார்ந்து பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள்.

"வீட்டுக்கு வா பிரியா" என்றாள் சாலா.

"இதான் வீடு. பேரு போட்டிருக்குல்ல."

"அவன் கோவத்துல சொன்னான்டி."

"நான் கோவத்துல சொல்லல. நாளைக்கு அந்த வண்டி வாரப்ப நான் இங்கதான் இருப்பேன். அது எம்மேல ஏறித்தான் அங்குட்டுப் போகணும். நீ போம்மா. நீ நின்னா அது வராது."

சாலா நாலடி தள்ளிப்போய் நின்றாள். ஊருணிப் பக்கமிருந்து ஒரு பறவை தாழப் பறந்து வந்தது. கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்தது. இறங்கி, ஓடி, நின்று, மறுபடி ஓடி, ஒன்பதாம் கம்புக்குப் பின்னால் போய் வயிற்றைச் சிலிர்த்து உட்கார்ந்தது. நேரத்துக்குத்தான் வந்ததா, முட்டை ஏற்கெனவே அவிந்துவிட்டதா என்று பைனாகுலருக்குத் தெரியாது. பிரியாவுக்கும் தெரியாது.

அவள் மூச்சை விட்டாள். பைனாகுலரைத் திருப்பி, அப்பா வீடு போய்ச் சேர்ந்தாரா என்று ஊர்ப் பாதையைப் பார்த்தாள். பாதையில் யாரும் இல்லை.

"அம்மா, அப்பா எங்குட்டுப் போனாக?"

சாலா கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்தாள். ஊருக்கு நேர் எதிர்த் திசையில், ரோட்டோரமாக, வெறும் தோளோடு ஒரு உருவம் போய்க்கொண்டிருந்தது.

"கல்லல் பக்கமால்ல போறாரு" என்றாள்.

கல்லலில் அவருக்கு உறவு யாரும் கிடையாது. ரயில்வே ஸ்டேஷன்தான் இருக்கிறது.